ஜாலியன்வாலா பாக் பாடத்தை ஏஐ துணையுடன் நடத்துவது எப்படி: ஆசிரியர்களுக்கான வழிகாட்டி

பஞ்சாபின் அமிர்தசரஸ் நகரில் நடந்த ஜாலியன்வாலா பாக் படுகொலை பாடநூலில் சில வரிகளுக்குள் முடிந்துவிடுகிறது. 1919 ஏப்ரல் 13 என்ற நாளும், சுட உத்தரவிட்ட பிரிட்டிஷ் இராணுவ அதிகாரி டயர் என்ற பெயரும், இறந்தவர்கள் 379 பேர் என்ற எண்ணும் தேர்வுக்குப் போதுமானவை என்பதால் மாணவர்கள் அந்த மூன்றோடு நின்றுவிடுகிறார்கள். மேலும் தெரிந்துகொள்ள விரும்பும் மாணவர் முன்பெல்லாம் நூலகத்துக்குப் போனார், அல்லது ஆசிரியரிடம் வந்து நின்றார். இப்போது கைப்பேசியை எடுத்து ஏதேனும் ஓர் ஏஐ செயலியிடம் கேட்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இந்தப் பாடத்துக்கு வீட்டில் ஒரு கட்டுரை எழுதிவரச் சொன்னபோது, என் வகுப்பின் பல நோட்டுகளில் ஒரே வாக்கியம் சிறு சிறு மாற்றங்களோடு இருந்தது. இருபத்தோரு ஆண்டுகள் காத்திருந்த உத்தம் சிங், 1940இல் லண்டனில் ஜெனரல் டயரைச் சுட்டுக் கொன்று பழி தீர்த்தார் என்பதே அந்த வாக்கியம்.

டயர் 1927ஆம் ஆண்டிலேயே இறந்துவிட்டார். 1940 மார்ச் 13 அன்று லண்டன் காக்ஸ்டன் ஹாலில் உத்தம் சிங் சுட்டுக் கொன்றது, படுகொலை நடந்த காலத்தில் பஞ்சாபின் லெப்டினன்ட் கவர்னராக இருந்து டயரின் செயலுக்கு ஒப்புதல் தந்த மைக்கேல் ஓ'டுவயரை. இந்தப் பிழையைச் செயலி தானாக உண்டாக்கிவிடவில்லை. மேடைப் பேச்சுகளிலும் வாட்ஸ்அப் செய்திகளிலும் நாம் பல காலமாகச் சொல்லிவருவதைத்தான் அது நமக்குத் திருப்பித் தந்திருக்கிறது. ஆனால் தடுமாற்றம் இல்லாத தமிழில், ஆண்டும் ஊரும் சேர்த்து அது எழுதித் தரும்போது, பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஐயம் கொள்ள இடமே இருப்பதில்லை.

அதன்பின் இந்தப் பாடத்தை நடத்தும் முறையை மாற்றிக்கொண்டேன். ஆவணம் முதலில் வகுப்புக்குள் வர வேண்டும், செயலி அதன் பின்னால்தான் வர வேண்டும் என்ற ஒரே ஏற்பாட்டின்மேல் இந்த முறை நிற்கிறது. நான்கு பாடவேளைகள் தேவைப்படும். அத்தனை நேரம் கிடைக்காத ஆசிரியர்கள் மொழிபெயர்ப்பையும் பிழை தேடலையும் மட்டுமாவது செய்து பார்க்கலாம்.

செயலியைத் திறப்பதற்கு முன்

ஆசிரியர் முதலில் இரண்டு ஆவணங்களைப் புரட்டியிருக்க வேண்டும். ஒன்று, இந்த நிகழ்ச்சிகளை விசாரிக்க 1919 அக்டோபரில் அரசு அமைத்த ஹண்டர் குழுவின் அறிக்கையும் அக்குழு பதிவுசெய்த சாட்சியங்களும். மற்றொன்று, காந்தி, சி. ஆர். தாஸ், அப்பாஸ் தயாப்ஜி, எம். ஆர். ஜெயகர் ஆகியோர் காங்கிரஸ் சார்பில் நடத்திய விசாரணையின் அறிக்கை. 1,700க்கும் மேற்பட்ட சாட்சிகளின் வாக்குமூலங்களை ஆராய்ந்து 1920 மார்ச்சில் வெளிவந்த அந்த அறிக்கை, அவற்றில் தேர்ந்தெடுத்தவற்றைத் தனித் தொகுதியாகவே அச்சிட்டது. இரண்டும் நூறாண்டு கடந்தவை என்பதால் இணைய ஆவணக் காப்பகங்களில் ஸ்கேன் செய்த பக்கங்களாகக் கிடைக்கின்றன. முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. டயரின் வாக்குமூலத்தில் இரண்டு பக்கங்களும், உயிர் பிழைத்தவர்களின் வாக்குமூலங்களில் இரண்டோ மூன்றோ போதும்.

நிகழ்ச்சியின் வரிசை ஆசிரியரின் மனத்தில் தெளிவாக இருக்க வேண்டும். விசாரணையின்றிச் சிறைவைக்க இடம் தந்த ரௌலட் சட்டத்துக்கு எதிரான கிளர்ச்சி, ஏப்ரல் 10 அன்று அமிர்தசரஸின் தலைவர்களான சைபுதீன் கிச்சலுவும் சத்யபாலும் பிடித்துச் செல்லப்பட்டது, அன்றே ஊர்வலத்தின்மீது நடந்த துப்பாக்கிச் சூடு, அதைத் தொடர்ந்த கலவரத்தில் ஐந்து ஐரோப்பியர்கள் கொல்லப்பட்டதும் மார்செல்லா ஷெர்வுட் என்ற பெண்மணி தெருவில் தாக்கப்பட்டதும், பிறகு பஞ்சாபின் அறுவடைத் திருநாளான பைசாகி வந்த ஏப்ரல் 13. ஐரோப்பியர்கள் கொல்லப்பட்டதைச் சொல்லாமல் தாண்டிவிடுவது நல்லதல்ல. நாம் மறைத்ததைச் செயலி சொன்னால், மாணவர் நம்மை நம்புவதை விட்டுவிட்டுச் செயலியை நம்பத் தொடங்குவார். மேலும், 10ஆம் தேதி நடந்த வன்முறையைக் காட்டி 13ஆம் தேதிப் படுகொலையை நியாயப்படுத்தும் வாதத்தை அன்றே டயரின் ஆதரவாளர்கள் முன்வைத்தார்கள். அந்த வாதம் எங்கே உடைகிறது என்பதை மாணவர்கள் தாங்களே காண வேண்டும்.

கருவிகளைப் பொறுத்தவரை, ப்ரொஜெக்டருடன் இணைத்த ஒரே ஒரு கணினி போதும். பெரும்பாலான செயலிகளுக்கு வயது வரம்பு உண்டு என்பதாலும், மாணவர்களின் பெயரோ குடும்பச் செய்தியோ எங்கோ உள்ள ஒரு நிறுவனத்தின் சேமிப்பில் போய்ச் சேரக்கூடாது என்பதாலும், ஆசிரியரின் கணக்கில் ஆசிரியரே தட்டச்சு செய்ய வேண்டும். என்ன கேட்பது என்பதை மாணவர்கள் கூடிப் பேசி முடிவு செய்யட்டும்.

மொழிபெயர்ப்பு: சொல்லுக்குச் சொல் சரிபார்த்தல்

தமிழ்வழி மாணவர்களுக்கு ஏஐ தரும் உண்மையான கொடை இதுதான். நூறாண்டுக்கு முந்தைய ஆங்கிலத்தில், விசாரணை மன்ற நடையில் இருக்கும் ஒரு பக்கத்தைச் சில நொடிகளில் தமிழில் தருகிறது. ஒரு காலத்தில் நான் ஒரு பக்கத்தை மொழிபெயர்க்க ஓர் இரவு முழுவதும் செலவிட்டிருக்கிறேன். அதனாலேயே ஆவணத்தை வகுப்புக்குக் கொண்டுவராமல் விட்ட ஆண்டுகளும் உண்டு. கட்டளையை இப்படி எழுதலாம்:

"கீழே தந்திருப்பது 1919ஆம் ஆண்டு ஹண்டர் குழுவின் முன் நடந்த விசாரணையின் ஒரு பகுதி. இதைப் பதினைந்து வயது மாணவர்கள் படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் வரிக்கு வரி மொழிபெயர்க்கவும். எதையும் சேர்க்க வேண்டாம், சுருக்க வேண்டாம், கடுமையான சொற்களை மென்மையாக்க வேண்டாம். பொருள் உறுதியாகத் தெரியாத இடங்களில் 'ஐயம்' என்று குறிக்கவும்."

ஸ்கேன் செய்த படத்தையே தருவதானால், முதலில் அதிலுள்ள ஆங்கில எழுத்துகளை அப்படியே பெயர்த்துத் தரச் சொல்லி, எண்களை மூலப் பக்கத்தோடு ஒப்பிட்டுவிட்டு, அதன்பிறகே மொழிபெயர்க்கச் சொல்ல வேண்டும். பழைய அச்சில் மங்கிப்போன 6 வேறோர் எண்ணாகப் படிக்கப்பட்டால் 1,650 குண்டுகள் 1,050 ஆகிவிடும்.

வந்த மொழிபெயர்ப்பை அப்படியே அச்சிட்டுக் கொடுத்துவிடாமல், அதையே பாடமாக்கலாம். என் வகுப்பில் ஒருமுறை செயலி தந்த சுருக்கத்தில் "துப்பாக்கிச் சூட்டில் 379 பேர் உயிரிழந்தனர்" என்ற வாக்கியம் இருந்தது. இந்த வாக்கியத்தில் சுட்டது யார் என்று கேட்டேன். ஒருவர் டயர் என்றார், இன்னொருவர் சிப்பாய்கள் என்றார். வாக்கியத்தில் இருப்பதை மட்டும் சொல்லுங்கள் என்றபோது சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, பின்வரிசையிலிருந்த ஒரு மாணவி, "யாருமே சுடவில்லை, ஐயா. சூடு தானாக நடந்திருக்கிறது" என்றார். தமிழ் இலக்கண வகுப்பில் எழுவாய், பயனிலை, செய்வினை, செயப்பாட்டுவினை என்று படித்ததை அன்று அவர்கள் வேறு விதமாகப் புரிந்துகொண்டார்கள். வெள்ளத்தில் உயிரிழந்தனர், விபத்தில் உயிரிழந்தனர் என்று நாள்தோறும் செய்தித்தாளில் படிக்கும் அதே சொல் இங்கே வரும்போது, உத்தரவிட்டவர் வாக்கியத்தைவிட்டே வெளியேறிவிடுகிறார். "டயரின் உத்தரவின்படி, எச்சரிக்கை எதுவும் தராமல், வீரர்கள் சுட்டதில் மக்கள் கொல்லப்பட்டனர்" என்று மாணவர்கள் திருத்தி எழுதினார்கள்.

இதேபோல் கவனிக்க வேண்டிய சொற்கள் இன்னும் சில உண்டு. கூடியிருந்தவர்களைச் செயலி ஓரிடத்தில் "மக்கள்" என்றும், அடுத்த பத்தியில் "கூட்டம்" என்றும், அதற்கடுத்து "கும்பல்" என்றும் எழுதக்கூடும். "கும்பல்" என்ற சொல் வந்த உடனே அங்கிருந்தவர்கள் ஏதோ தவறு செய்ய வந்தவர்கள் என்ற நினைப்பு தமிழ் வாசகருக்கு எழுந்துவிடுகிறது. பைசாகிக்காகக் கிராமங்களிலிருந்து வந்து, கூட்டம் கூடக்கூடாது என்ற தடை உத்தரவைப் பற்றியே கேள்விப்படாமல் அந்தத் திடலில் உட்கார்ந்திருந்தவர்களும் அந்தச் சொல்லுக்குள் அகப்பட்டுக்கொள்கிறார்கள். அடுத்து, "வருத்தம்" என்பதும் "மன்னிப்பு" என்பதும். 2019 ஏப்ரல் 10 அன்று பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே நாடாளுமன்றத்தில் இந்தப் படுகொலைக்காக வருத்தம் தெரிவித்தார். முறையான மன்னிப்புக் கேட்கவில்லை. "பிரிட்டன் மன்னிப்புக் கேட்டதா?" என்று தமிழில் கேட்டு, விடையில் இந்த இரண்டு சொற்களும் எப்படிக் கையாளப்படுகின்றன என்று பார்த்தால், ஒரு பாடவேளையே போதாத அளவுக்கு வகுப்பில் பேச்சு எழும்.

பிழை தேடும் பாடவேளை

ஆவணப் பகுதிகளை மாணவர்கள் படித்துவிட்ட பிறகு, செயலியிடம் படுகொலையைப் பற்றி இருபது வாக்கியங்களில் எழுதித் தரச் சொல்லி, அதை அச்சிட்டு நான்கு பேர் கொண்ட குழுக்களுக்குக் கொடுக்க வேண்டும். ஆவணத்தில் ஆதாரம் உள்ள வாக்கியத்துக்குப் பச்சை, ஆவணத்துக்கு முரணானதற்குச் சிவப்பு, நம்மிடம் உள்ள பக்கங்களைக் கொண்டு சொல்ல முடியாததற்கு மஞ்சள் என்று அடிக்கோடிடச் சொல்ல வேண்டும். சிவப்பைவிட மஞ்சள் கோடுகள்தான் அதிகமாக விழும். அந்த மஞ்சள் வாக்கியங்களை நூலகத்துக்கோ அடுத்த ஆவணத்துக்கோ கொண்டுசெல்வதில்தான் வரலாற்றுப் பயிற்சி இருக்கிறது.

அதே கேள்வியைத் தமிழில் ஒருமுறையும் ஆங்கிலத்தில் ஒருமுறையும் கேட்டுப் பாருங்கள். இரண்டு விடைகளும் நீளத்திலும் நுணுக்கத்திலும் வேறுபடுவதை மாணவர்கள் உடனே காண்பார்கள். இணையத்தில் தமிழில் எழுதப்பட்டது குறைவு, அதனால் செயலி கற்றதும் குறைவு என்று சொன்னால் போதும். அவர்களே அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

வழிகாட்டும் கேள்விகளால் செயலியைச் சோதிப்பதும் பயன் தரும். "கூடியிருந்தவர்கள் துப்பாக்கி வைத்திருந்தார்கள் அல்லவா?" என்று கேட்டால் அது மறுக்கிறதா, இணங்கிப் போகிறதா? "டயர் நகரத்தைக் காப்பாற்றினார் என்பதை விளக்கு" என்று சொன்னால், விளக்கத் தொடங்கிவிடுகிறதா? இந்த இடத்தில் ஆசிரியர் குறுக்கிட்டு, இரு தரப்பையும் சொல்வது வேறு, உண்மையையும் பொய்யையும் ஒரே தட்டில் வைப்பது வேறு என்பதை எடுத்துக்காட்டோடு காட்ட வேண்டும். 1920 ஜூலை 8 அன்று பிரிட்டிஷ் மக்களவையில் போர் அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சிலே இதைக் கொடூர நிகழ்ச்சி என்று கண்டித்தார்; அதே மாதம் பிரபுக்கள் அவை டயருக்கு ஆதரவாக வாக்களித்தது; ஒரு லண்டன் நாளிதழ் அவருக்காக 26,000 பவுண்டுக்கு மேல் நிதி திரட்டியது. கருத்து வேறுபாடு இருந்தது உண்மை. ஆனால் திடலில் நடந்தது என்ன என்பதில் டயருக்கே வேறுபாடு இல்லை. எச்சரிக்காமல் சுட்டதையும், கவச வண்டிகள் உள்ளே நுழைய முடிந்திருந்தால் இயந்திரத் துப்பாக்கிகளைப் பயன்படுத்தியிருக்கக்கூடும் என்பதையும், காயம்பட்டவர்களைக் கவனிப்பது தம் வேலை அல்ல என்று கருதியதையும் அவரே குழுவின்முன் சொன்னார்.

சென்னை மாகாணத்தோடு உள்ள தொடர்பையும் இந்தச் சோதனையில் சேர்க்கலாம். பஞ்சாபின் இராணுவச் சட்ட ஆட்சியைக் கண்டித்து வைசிராயின் நிர்வாக சபையிலிருந்து 1919 ஜூலையில் விலகிய சங்கரன் நாயர், அதற்கு முன் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். தாகூர் சர் பட்டத்தைத் துறந்ததைச் செயலி தவறாமல் சொல்லிவிடும். நாயரின் விலகலைக் கேட்காமலே சொல்கிறதா என்று பாருங்கள்.

எண்ணிக்கையை எப்படிக் கையாள்வது

எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்டால் "379 முதல் 1,000க்கு மேல் வரை" என்ற வகையில் செயலி விடை தருகிறது. அதில் பிழையில்லை என்றாலும், அந்த வடிவத்தில் அது எதையும் கற்பிப்பதில்லை. 379 என்பது அரசின் கணக்கு. 1,000 பேர் அளவில் இறந்திருப்பர் என்பது காங்கிரஸ் விசாரணையின் மதிப்பீடு. படுகொலை நடந்த இரவில் ஊரடங்கு இருந்தது. உடல்களை எண்ணுவார் இல்லை. பல வாரங்கள் கழித்து அரசு பெயர்களைக் கேட்டபோது, தடையை மீறிய கூட்டத்தில் தம் வீட்டார் இருந்ததாக ஒப்புக்கொண்டால் என்ன நேருமோ என்று அஞ்சிப் பலர் முன்வரவில்லை. வெளியூரிலிருந்து வந்து மாண்டவர்களின் பெயரைச் சொல்ல அங்கே ஆளில்லை. ஆகவே மாணவர்கள் செயலியிடம் "எத்தனை?" என்று கேட்டு நிறுத்தாமல், "இந்த எண்ணை யார், எப்போது, எப்படிக் கணக்கிட்டார்கள்?" என்று கேட்கப் பழக வேண்டும். அதற்கு வரும் விடையைக் கட்டாயம் ஆவணத்தோடு ஒப்பிட வேண்டும், ஏனென்றால் காரணம் கற்பிக்கும் இடத்தில்தான் இந்தச் செயலிகள் மிக எளிதாக இட்டுக்கட்டுகின்றன.

ஒரு கணக்கை மட்டும் நான் செயலியிடம் விடுவதில்லை. சுட்ட வீரர்கள் 50 பேர், சுட்ட குண்டுகள் 1,650, நேரம் ஏறத்தாழப் பத்து நிமிடம் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு மாணவர்களையே வகுக்கச் சொல்கிறேன். ஒரு வீரருக்கு 33 குண்டு. நிமிடத்துக்கு 165. நொடிக்கு ஏறக்குறைய மூன்று. ஒவ்வொரு முறை சுட்ட பின்னும் கையால் இழுத்து அடுத்த குண்டை ஏற்ற வேண்டிய துப்பாக்கிகள் அவை என்பதையும், மக்கள் அடர்ந்து நின்ற பக்கங்களை நோக்கிச் சுடும்படி டயர் சொன்னார் என்பதையும் அப்போது சொல்கிறேன். விடையைத் தம் கையால் எழுதிய பிள்ளைகள் அதன்பின் சற்று நேரம் பேசுவதில்லை. அந்த மௌனத்தை ஆசிரியர் கலைக்காமல் இருப்பது நல்லது.

இறந்தவர்களின் குரலில் பேசச் சொல்லக்கூடாது

"நீ ஜாலியன்வாலா பாக்கில் குண்டடிபட்ட ஒரு சிறுவன், என் கேள்விகளுக்குப் பதில் சொல்" என்று தட்டச்சு செய்தால் செயலி உருக்கமாகப் பேசத் தொடங்கிவிடும். மாணவர்களும் விரும்பிக் கேட்பார்கள். இதைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்தக் குரல் யாருடையதும் அல்ல. ஆயிரம் கதைகளிலிருந்து கலந்தெடுத்த ஒரு பொதுத் துயரம் அது. உண்மையான குரல் நம்மிடம் இருக்கிறது. ரத்தன் தேவி என்ற பெண்மணியின் வாக்குமூலம் காங்கிரஸ் அறிக்கையில் உள்ளது. குண்டுச் சத்தம் கேட்டு ஓடிவந்து, கணவரின் உடலைக் கண்டெடுத்து, ஊரடங்கினால் தூக்கிச் செல்ல ஆள் கிடைக்காமல், நாய்கள் அண்டாதிருக்க ஒரு மூங்கில் கழியைக் கையில் வைத்துக்கொண்டு விடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தவர் அவர். அந்த மூங்கில் கழியைச் செயலி கற்பனை செய்யாது. அவருடைய சொற்களை மொழிபெயர்த்துத் தரச் சொல்லுங்கள். அவராகப் பேசச் சொல்லாதீர்கள்.

டயராகப் பேச வைப்பதும் அதே அளவு ஆபத்தானது. உரையாடலில் இணக்கமாக இருக்கப் பயிற்றப்பட்ட செயலி, டயரின் வாயால் வருந்திவிடும். அவர் வருந்தவில்லை என்பதுதான் வரலாறு. இதற்குப் பதிலாக, மாணவர்களை ஹண்டர் குழுவின் உறுப்பினர்களாக்கலாம். அந்தக் குழுவில் இருந்த மூன்று இந்தியர்களில் ஒருவரான சிமன்லால் சேதல்வாட் டயரைக் கேட்ட கேள்விகளின் கூர்மையைச் சொல்லிவிட்டு, தாங்களாக இருந்தால் என்ன கேட்பார்கள் என்று பத்துக் கேள்விகள் எழுதச் சொல்ல வேண்டும். பிறகு வாக்குமூலப் பக்கங்களைச் செயலியிடம் தந்து, "இந்தப் பக்கங்களில் உள்ள வாக்கியங்களை மட்டுமே எடுத்துக்காட்டி விடை தரவும், விடை இல்லையென்றால் 'பதிவில் இல்லை' என்று மட்டும் சொல்லவும்" என்று கட்டளையிட வேண்டும். தாம் கேட்க விரும்பிய கேள்விக்குப் "பதிவில் இல்லை" என்ற விடை வரும்போது, அந்தக் கேள்வியை அன்று ஏன் யாரும் கேட்கவில்லை என்ற அடுத்த கேள்வி மாணவர்களுக்குத் தானாகவே பிறக்கிறது.

இந்த வேறுபாட்டை விளக்க யூத இனப்படுகொலை பற்றிய இரண்டு செய்திகளை மாணவர்களிடம் சொல்கிறேன். அமெரிக்காவின் ஷோவா அறக்கட்டளை, உயிர் தப்பியவர்கள் பலரிடம் நூற்றுக்கணக்கான கேள்விகளைக் கேட்டு அவர்களின் விடைகளைக் காணொளியாகப் பதிவுசெய்து வைத்திருக்கிறது. பார்வையாளர் கேள்வி கேட்டால், கணினி அதற்குப் பொருத்தமான பதிவைத் தேடி எடுத்துக் காட்டும். புதிதாக ஒரு சொல்லைக்கூட உண்டாக்காது. மற்றொரு பக்கம், 2024 ஜூனில் யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கை, ஏஐ உரையாடு செயலிகள் இதே வரலாற்றில் நடக்காத நிகழ்ச்சிகளை இட்டுக்கட்டியதைப் பதிவுசெய்தது. யூதர்களை ஆறுகளிலும் ஏரிகளிலும் மூழ்கடித்துக் கொல்லும் இயக்கம் நடந்தது என்பது அவற்றுள் ஒன்று. உண்மையில் நடந்த கொடுமையோடு இல்லாத ஒன்றைச் சேர்த்தால், நடந்ததையே மறுக்கக் காத்திருப்பவர்களுக்கு அதுவே கருவியாகிவிடும்.

படங்களுக்கும் இதுவே விதி. சுட்டுக்கொண்டிருந்த நேரத்தில் எடுத்த நிழற்படம் எதுவும் நம்மிடம் இல்லை. அந்த இடத்தை ஏஐ படத்தால் நிரப்பினால், பழுப்பேறிய பழைய படம்போல் அது சார்ட் தாளில் ஒட்டப்பட்டு, அடுத்த ஆண்டு மாணவருக்கு உண்மைப் படமாகவே தெரியும். சுவரில் இன்றும் இருக்கும் குண்டுத் தடங்களின் படத்தையும், திடலுக்குள் செல்லும் குறுகிய சந்தின் பழைய படத்தையும் காட்டுங்கள். 2021இல் புதுப்பித்தபோது அந்தச் சந்தின் சுவர்களில் உருவச் சிற்பங்கள் அமைத்ததை வரலாற்றாசிரியர்கள் பலர் கண்டித்தார்கள். ஏன் கண்டித்திருப்பார்கள் என்று வகுப்பில் கேட்கலாம்.

வகுப்பில் இருக்கும் பிள்ளைகள்

பாடத்துக்கு முந்தைய நாளே, நாளை துன்பமான ஒன்றைப் படிக்கப்போகிறோம், வெளியே போக வேண்டும் என்று தோன்றினால் அனுமதி கேட்காமலே போகலாம் என்று சொல்லிவிடுங்கள். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வரும் பிள்ளைகள் பயிலும் பள்ளிகளில் இது இன்னும் முக்கியம். அந்தப் பிள்ளையின் வீட்டில் பாட்டியோ அத்தையோ வாய்விட்டுச் சொல்லாத கதைகள் இருக்கக்கூடும். உங்கள் ஊரிலும் இப்படி நடந்ததுதானே என்று அந்தப் பிள்ளையை எழுப்பி நிறுத்திக் கேட்பது பெருந்தவறு. அவராகப் பேச வந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சொன்னதை எந்தச் செயலியிலும் இடாதீர்கள்.

உள்ளூர் வரலாற்றுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டதைப் பற்றியோ, 1942-43இல், இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானியப் படை கட்டிய சயாம் மரண ரயில்பாதைக்கு மலாயா தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு மாண்ட தமிழர்களைப் பற்றியோ கேட்டால், செயலியின் விடை மெலிந்துபோவதைக் காணலாம். அந்த ரயில்பாதையில் 12,000க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அதைப்போல் பல மடங்கு இறந்தார்கள். ஆனால் நாட்குறிப்பும் நினைவுநூலும் எழுதி வைத்தவர்களில் பெரும்பாலோர் கைதிகள். "பாதையைக் கட்டியவர்கள் யார்?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டு, வரும் விடையில் கைதிகளுக்கு எத்தனை வாக்கியம், தமிழர்களுக்கு எத்தனை வாக்கியம் என்று மாணவர்களை எண்ணச் சொல்லுங்கள். எழுதப்படாதது செயலிக்குள்ளும் இருக்காது என்பதை அந்த எண்ணிக்கையிலிருந்து அவர்களே கண்டுகொள்வார்கள். இத்தகைய பாடங்களில் செயலியை மூடிவிட்டு, ஊரில் உள்ள பெரியவர்களிடம் அவர்களின் இசைவோடு கேட்டு எழுதிவருவதுதான் வழி.

மதிப்பீடும் கோப்பும்

கட்டுரைக்கு மதிப்பெண் போடும்போது நடையழகுக்கு நான் எதுவும் தருவதில்லை. அதைச் செயலியே எழுதித் தந்துவிடும். மூன்று கூற்றுகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எந்த ஆவணத்தின் எந்தப் பக்கம் ஆதாரம் என்று காட்டியிருக்கிறாரா, ஒரு கூற்றையாவது செயலி தவறாகவோ அரைகுறையாகவோ சொன்னதைக் கண்டுபிடித்துத் திருத்தியிருக்கிறாரா, உத்தரவிட்டவர் பெயர் உள்ள வாக்கியங்களை எழுதியிருக்கிறாரா என்று மட்டும் பார்க்கிறேன்.

கேட்ட கேள்விகள், வந்த விடைகள், பச்சை, சிவப்பு, மஞ்சள் கோடுகள் போட்ட தாள்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்து, எந்தச் செயலி, எந்த நாள் என்று முதல் பக்கத்தில் எழுதி, வகுப்பு அலமாரியில் வைத்துவிடுங்கள். செயலிகள் அடிக்கடி மாறுவதால் அதே கேள்விக்கு அடுத்த ஆண்டு வேறு விடை வரும். அடுத்த ஆண்டு மாணவர்களின் முதல் பாடவேளையை அந்தக் கோப்பைப் பிரித்து, பழைய விடையையும் புதிய விடையையும் அருகருகே வைத்துப் படிப்பதிலிருந்து தொடங்கலாம்.